மாமனார் லாரிக்கு எந்தப் பச்சை

இது நடந்த கதை. திண்டிவனத்தில், போன ஆயுத பூஜையின்போது நடந்தது. இதில் ஒரு சொல் பொய் இருந்தாலும், நாளைய கல்யாணத்துக்காக இந்த மண்டபத்தில் குவிந்து கிடக்கிற பீன்ஸ் மொத்தத்தையும் நான் ஒருவனே நறுக்குகிறேன்.

அப்படி முறைக்காதே சவுரியம்மா. சரி, கொஞ்சம் இழுத்திருக்கிறேன். நடந்தது பிளவுஸ் துணி அளவு, சொல்லப்போவது புடவை அளவு. ஆனால் நூல் அதே நூல்தான். வேங்கடேசா, நீ காதை மட்டும் இங்கே கொடு. வெங்காயம் உரிக்கிற கை நிற்கக் கூடாது.

கதையின் ஆள் தென்னரசு. கெடார் கிராமத்துக்காரன். விழுப்புரத்தில் ஒரு மேட்சிங் சென்டரில் வேலை. புடவையைக் கொண்டுபோனால் அதற்கு ஒத்த நிறத்தில் பிளவுஸ் துணி எடுத்துக் கொடுக்கிற கடை. அங்கே கூரை முழுக்க டியூப் லைட் எரியும். தென்னரசு ஒன்றையும் நம்ப மாட்டான். முந்தானையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, புடவைக்குச் சொந்தக்கார அம்மாவையும் பின்னாலேயே இழுத்துக்கொண்டு, கடை வாசலுக்கு வந்து வெயிலில் காட்டுவான். ஒரு கண்ணை மூடுவான். தலையைக் காக்கை மாதிரி சாய்ப்பான். "அரை சாயல் தூக்கலா கீதும்மா, இருங்க" என்று உள்ளே ஓடுவான். வாசலுக்கும் அலமாரிக்கும் அவன் ஓடிய ஓட்டத்தை நேர்கோட்டில் ஓடியிருந்தால் இந்நேரம் காசிக்குப் போய்த் திரும்பியிருப்பான்.

பச்சை என்று யாராவது மொட்டையாகச் சொன்னால் அவனுக்குக் கோபம் வந்துவிடும். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மருதாணிப் பச்சை, பாட்டில் பச்சை, மாங்காய்த் தோல் பச்சை, வெயிலில் வாடிய மாங்காய்த் தோல் பச்சை என்று அவனிடம் பச்சைகளே ஒரு பஞ்சாயத்து அளவுக்கு உண்டு. தாலி கட்டக் குனிந்தபோதுகூட, மணப்பெண் கலைமதியின் காதில், "பிளவுஸ் சேரல" என்றுதான் சொன்னான். அவள் இன்னும் அதை மன்னிக்கவில்லை.

கலைமதியின் அப்பா சுப்பராயலு திண்டிவனத்துக்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வழியனுப்பும்போது அவருடைய யூனிட் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள், அவர் ஓட்டிய லாரியையே பித்தளையில் சின்னதாகச் செய்து, மரப்பலகையில் திருகு போட்டு முடுக்கி, பரிசாகக் கொடுத்தார்கள். நிஜ லாரியை வெந்நீரில் முக்கியதும் சுருங்கிப்போன மாதிரி இருக்கும். கூண்டு, கொக்கி, பின்கதவுச் சங்கிலி என்று எதுவும் விட்டுப்போகவில்லை. உள்ளே உட்கார்ந்து ஹாரன் அடிக்கிற டிரைவர் மட்டும்தான் இல்லை.

அந்த லாரி வீட்டுக் கூடத்தில், பல்பு ஃபியூஸ் போன கண்ணாடி அலமாரியில் இருக்கும். அதைத் தொட வீட்டில் ஒருவருக்கும் உரிமை இல்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் சுப்பராயலு தானே எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார். மற்ற வண்டிகளுக்கு டயரடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள் அல்லவா? இந்த லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்தால் பழம்தான் லாரி மேல் ஏறிக் கொன்றுவிடும். அதனால் சக்கரத்துக்கு ஒன்றாகச் சுண்டைக்காய் வைத்து, கட்டைவிரலால் அவரே நசுக்குவார். வண்டி ஏறியதாகக் கணக்கு.

போன வருஷம் பூஜை சமயத்தில் அவர் ஊரில் இல்லை. பழைய பட்டாளத்து டிரைவர்கள் எல்லாரும் வடக்கே எங்கேயோ கூடுகிறார்கள் என்று ரயில் ஏறிவிட்டார். தென்னரசும் கலைமதியும் விழுப்புரத்திலிருந்து பூஜைக்கு வந்தார்கள். மாமனார் இல்லாத வீட்டில் மருமகன் பொறுப்பைக் காட்ட வேண்டாமா? காலையிலேயே லுங்கியை மடித்துக் கட்டினான். மொபெட், கிரைண்டர், தையல் மெஷின், அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, கண்ணில் பட்டதையெல்லாம் கழுவினான். வாசலில் படுத்திருந்த நாய், நிலைமையைப் பார்த்து எழுந்து தெருமுனைக்குப் போய்விட்டது.

கடைசியில் கண்ணாடி அலமாரியைத் திறந்தான்.

"தம்பி, அத்த மட்டும் வுட்டுடுங்க" என்றார் மாமியார் வீரம்மாள்.

"இன்னா அத்தை இப்டி சொல்றீங்க. வருஷத்துக்கு ஒரு நாளு. வண்டிய வுட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

லாரியின் இடுக்குகளில் வருஷா வருஷம் வைத்த சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. தண்ணீர் விட்டான், போகவில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்தான், போகவில்லை. பின்கட்டு அலமாரியில், பெயிண்ட் டின்களுக்குப் பக்கத்தில் தின்னர் பாட்டில் ஒன்று கண்ணில் பட்டது. பெயிண்டைக் கரைக்கிற அந்தத் தண்ணியைத் துணியில் நனைத்து, லாரியை முன்னும் பின்னும் ஒரு அழுத்து அழுத்தித் துடைத்தான். துணி பச்சையானது. எவ்வளவு அழுக்கு பார் என்று இன்னும் உற்சாகமாகத் துடைத்தான்.

கலைமதி காபியோடு வந்து நின்றாள். "இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க?"

"அழுக்கு எடுக்கறேன்."

"அது அழுக்கு இல்லீங்க. அது எங்கப்பா."

தென்னரசு அப்போதுதான் பார்த்தான். லாரியின் மூக்கு, கதவு, கூண்டு எல்லாம் பச்சைப் பெயிண்ட் போய் வெறும் பித்தளையாகப் பளபளத்தது. குத்துவிளக்குக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. அவனுக்கு வியர்த்த வியர்வையில் இன்னொரு மொபெட் கழுவியிருக்கலாம்.

ஏன் அவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். சுப்பராயலு கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் தாங்கிக்கொள்ளலாம். அவர் பேசாமல் விட்டுவிடுகிற ஆள். இரவல் கொடுத்த ஏணியை உடைத்துக் கொடுத்தான் என்று எதிர்வீட்டுக்காரரோடு நிறுத்திய பேச்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் பிறந்த குழந்தைகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

"ஏணிக்கே அப்டின்னா, இதுக்கு நான் இனிமே பொறந்த வூட்டு வாசப்படி மிதிக்க முடியாது" என்றாள் கலைமதி. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் தென்னரசு தின்னர் பாட்டிலை மூடித் தள்ளி வைத்தான். எப்படியாவது பழைய நிறத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும். வேறு வழி இல்லை.

நிறம் என்று வந்துவிட்டால் அவன் புலி. பலகையிலிருந்து திருகைக் கழற்றி லாரியைத் தலைகீழாகப் பிடித்தான். அடிவயிற்றில் தின்னர் படாத இடத்தில் கொஞ்சம் பெயிண்ட் மிச்சம் இருந்தது. வழக்கம்போல வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் காட்டி, ஒரு கண்ணை மூடினான். நல்ல பளபளப்பான இலைப்பச்சை. பரவாயில்லை, சுலபமான நிறம்தான் என்று நகத்தால் லேசாகச் சுரண்டினான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல் அளவுக்கு ஒரு பொருக்கு உதிர்ந்தது. அதற்கு அடியில் இன்னொரு பச்சை இருந்தது. மினுக்கே இல்லாத, மண்ணில் புரண்டு எழுந்த மாதிரி ஒரு பச்சை.

ஒரு லாரிக்கு இரண்டு பச்சை எப்படி? யோசித்துக்கொண்டே கொல்லைப் பக்கம் திரும்பினான். அங்கே குளியலறைக் கதவு நின்றது. அதே பளபளப்பான இலைப்பச்சை. லாரியைக் கொண்டுபோய்க் கதவில் ஒட்டிப் பிடித்தான். லாரி எங்கே முடிகிறது, கதவு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"அத்தை, இந்தக் கதவுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"உங்க மாமாதான்."

"அப்ப லாரிக்கு?"

வீரம்மாள் யோசித்தார். "ரொம்ப வருஷத்துக்கு முன்ன, ஒரு ஆயுத பூஜை அன்னைக்கு, திடீர்னு ஜொரம்னு சொல்லி ரூம்ல கதவ சாத்திக்கினாரு தம்பி. சோறு வெக்கப் போனா ஒரே பெயிண்ட் நாத்தம். இன்னாய்யா இதுன்னு கேட்டா, மருந்து நாத்தம்னாரு. நானும் பட்டாளத்து மருந்து அப்டிதான் இருக்கும்னு வுட்டுட்டேன்."

புரிந்துவிட்டது. சுப்பராயலுவும் ஒரு காலத்தில் இதே சந்தனத்தை எடுக்கப் போய், இதே பெயிண்டைக் கரைத்து, குளியலறைக் கதவுக்கு வாங்கியதில் மிஞ்சியதை அடித்து மூடியிருக்கிறார். அலமாரி பல்பு ஃபியூஸ் ஆகி இத்தனை வருஷமாக அவர் மாற்றாததன் ரகசியமும் அதுதான். ஊரே அண்ணாந்து பார்த்த பட்டாளத்துப் பச்சை, நம் குளியலறைப் பச்சை. தென்னரசு சிரித்த சிரிப்பில் தெருமுனை நாய் இன்னும் ஒரு தெரு தள்ளிப் போனது.

இனி என்ன கவலை? கதவுக்கு அவ்வப்போது அடிக்கிற பச்சை பின்கட்டு அலமாரியில் இன்னும் ஒரு டின் இருந்தது. கரண்டிக் காம்பால் மூடியை நெம்பித் திறந்துவிட்டான். பிரஷ்ஷை உள்ளே விடப்போகிற நேரம், போன் அடித்தது. ரயிலிலிருந்து சுப்பராயலு. வீரம்மாள் ஸ்பீக்கரில் போட்டார்.

அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "வீரம்மா, சொல்றத அப்டியே செய்யி. ஷோகேஸ்ல கீற வண்டிய எடுத்து, கோணி சுத்தி, மேல அட்டத்துல போடு."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரயிலில் போகிற மனிதருக்கு எப்படித் தெரிந்தது?

"இன்னாத்துக்கு இப்ப?" என்றார் வீரம்மாள்.

"விருத்தாசலம் கூட வந்துக்கினு இருக்கான். நாளன்னைக்கு மத்தியானம் அவனுக்கு நம்ம வூட்லதான் சோறு. வண்டிய பாக்கணும்னு ஏறின ஸ்டேஷன்லேர்ந்து பேஜாரு பண்றான். பாலிஷ் போடக் குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். ஜல்தி எடுத்து வை."

விருத்தாசலம் கண்டமங்கலத்துக்காரர். சுப்பராயலுவோடு ஒரே யூனிட்டில் லாரி ஓட்டியவர். அவருக்கும் இதே மாதிரி பித்தளை லாரி கொடுத்தார்கள். புயல் மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது பீரோவோடு அதுவும் போய்விட்டது. தேடாத வாய்க்கால் இல்லை. அதனால்தான் சுப்பராயலுவிடம் இருப்பதையாவது ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வருகிறார். பட்டாளத்தில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னால் டிரைவர்களே வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். அந்தப் பச்சையில் கையை முக்கியே காலம் தள்ளியவர். குளியலறைப் பச்சையை அவரிடம் காட்டினால் அடுத்த ரயிலிலேயே வடக்கு வரைக்கும் செய்தி போய்விடும்.

போனை வைத்ததும் வீரம்மாள் கோணியைத் தேடினார். தென்னரசு பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே நின்றான். அட்டத்துப் பரணில் போட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். விருந்தாளி போனதும் மாமனார் கோணியைப் பிரிப்பாரே? குளியலறைப் பச்சையை அடித்துவிட்டால் மாமனாருக்குத் தெரியாது, தன் தலை தப்பிவிடும். ஆனால் அந்த மனிதர் காலமெல்லாம் விருந்தாளிகளுக்குப் பயந்து லாரியை ஒளித்து வைத்துக்கொண்டே இருப்பார்.

"இன்னாங்க யோசிக்கிறீங்க?" என்றாள் கலைமதி.

"உங்கப்பா இவ்ளோ பயந்து நான் கேட்டதே இல்லியே" என்றான் தென்னரசு. டின்னை மூடினான். "அசல் கலரையே அடிக்கறேன். வர்றது வரட்டும்."

மறுநாள் காலை, அடிப்பச்சையிலும் ஒரு பொருக்கைச் சுரண்டி எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு திண்டிவனத்துப் பெயிண்ட் கடைக்குப் போனான். கடைக்காரர் கலர் அட்டையை விரித்தார். அதில் இருந்த பச்சைகள் எல்லாம் பொருக்குக்குப் பக்கத்தில் வைத்தால் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி ஜொலித்தன. தென்னரசு வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்தான், வெயிலில் காட்டினான், கண்ணை மாற்றி மாற்றி மூடினான். பச்சையில் கறுப்புக் கலந்து பார்த்தான். பாட்டில் பச்சையானது. பழுப்புக் கலந்து பார்த்தான். குளம் வற்றின மாதிரி ஆனது. கடைக்காரர் முகம் அதைவிட வற்றிவிட்டது.

அப்போதுதான் அவனுக்கு ஒரு புடவை ஞாபகம் வந்தது. மஞ்சள் நூல் நெடுக்கே பாவு, கறுப்பு நூல் குறுக்கே ஊடை. நெய்து முடித்தால் மஞ்சளும் தெரியாது, கறுப்பும் தெரியாது. ஒரு மங்கின பச்சை தெரியும். அதற்குப் பிளவுஸ் தேடித்தான் ஒரு முறை அவன் கடையையே கவிழ்த்தான்.

"அண்ணே, பச்சையே வேணாம். மஞ்சளும் கறுப்பும் குடுங்க."

"மஞ்சள்ல கறுப்பு ஊத்தினா சாணி கலருதாம்ப்பா வரும்."

"ஊத்தித்தான் பாப்பமே."

மஞ்சளில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு விட்டுக் கலக்கினான். முதலில் சாணிதான் வந்தது. கடைக்காரர் வெற்றியோடு சிரித்தார். இன்னும் சில சொட்டு விட்டதும் சிரிப்பு நின்றது. டின்னுக்குள் மஞ்சள் செத்து, மண்ணில் புரண்ட அந்தப் பச்சை எழுந்து உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்தும் பாடு தீரவில்லை. ஈரத்தில் சரியாக இருந்தது, காய்ந்ததும் கறுத்தது. ஒவ்வொரு கலவையையும் கரண்டி முதுகில் தடவி வெயிலில் காய வைத்தான். மாலைக்குள் அந்த வீட்டில் பச்சை படாத கரண்டி இல்லை. வீரம்மாள் குழம்பைத் துடைப்பக்குச்சியால் கிளறாத குறை. கடைசியாக நிறம் சேர்ந்தது, ஆனால் மினுமினுத்தது. பட்டாளத்துப் பச்சை மினுக்கக் கூடாது. கலைமதி உள்ளே போய் முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினாள். மினுக்கு அடங்கியது. அவளுடைய கண் மை பிரஷ்ஷாலேயே லாரி முழுக்க அடித்து முடித்தான். பொருக்கை லாரியின் முதுகில் வைத்து, வாசல் வெயிலுக்காகக் காத்திருந்து, விடிந்ததும் பார்த்தான். பொருக்கைக் காணோம். கீழே விழுந்துவிட்டதோ என்று தேடினால், அது லாரி மேலேயேதான் இருந்தது. அவ்வளவு சரியாகச் சேர்ந்திருந்தது.

மத்தியானம் ஆட்டோ வந்து நின்றது. சுப்பராயலு முதலில் இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து அட்டத்தைப் பார்த்தார். கோணி இல்லை. அலமாரியைப் பார்த்தார். லாரி நின்றது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து வீரம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார்.

அதற்குள் விருத்தாசலம் நுழைந்துவிட்டார். "பாலிஷ் போடக் குடுத்தேன்னியேடா சுப்பராயலு."

"அது... வந்துடுச்சு போலகீது" என்றார் சுப்பராயலு.

விருத்தாசலம் கண்ணாடியைத் திறந்து லாரியை எடுத்தார். நேராக வாசலுக்குக் கொண்டுபோனார். வெயிலில் பிடித்தார். தென்னரசும் பின்னாலேயே ஓடினான். தான் செய்கிற வேலையை இன்னொருவர் செய்யும்போதுதான் அது எவ்வளவு கொடுமை என்று தெரிந்தது. விருத்தாசலம் திருப்பிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், பிறகு மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. வாசனை பொய் சொல்லாது. கலைமதி தென்னரசுவின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டேய்" என்றார் விருத்தாசலம். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு மொத நாளு நம்ம ஷெட்ல வருமே, அந்த வாசனைடா. இத்தினி வருஷம் அது போவாம எப்டிடா வச்சிக்கினு கீற?"

அவர் மறுபடி முகர்ந்தார். "நடுவுல பவுடர் வாசனையும் அடிக்குது. இது ஆபீசர் சம்சாரத்த ஏத்திக்கினு போன வண்டிடா."

வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதில் வாசல் திரை பறந்து மேலே போய்க் கம்பியில் மாட்டிக்கொண்டது. விருத்தாசலம் லாரியை மடியில் வைத்துக்கொண்டேதான் சாப்பிட்டார். இலையிலிருந்து கண்ணை எடுத்து அதைப் பார்ப்பார், ஒரு வாய் சாப்பிடுவார், மறுபடி பார்ப்பார். கறிக்குழம்புக்கே அன்றைக்கு மரியாதை இல்லை.

கை கழுவ தென்னரசு கொல்லைக்குப் போனபோது சுப்பராயலு பின்னாலேயே வந்தார். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். அவர் கதவைப் பார்த்தார்.

"தின்னரா மாப்ள?"

"தின்னருதான் மாமா."

"சந்தனம் போவல?"

"எண்ணெ போட்டும் போவல மாமா."

"அது போவாது" என்றார் சுப்பராயலு. சொம்பில் தண்ணீர் மொண்டு மருமகன் கையில் அவரே ஊற்றினார். ஊற்றும்போது தோள் குலுங்கியது. முதலில் தென்னரசு அவர் அழுகிறார் என்று பயந்தான். பிறகுதான் தெரிந்தது, சத்தம் வெளியே கேட்காமல் சிரிக்கிறார். தென்னரசுவும் சேர்ந்து சிரித்தான். தண்ணீர் கையில் விழாமல் இரண்டு பேர் வேட்டியையும் நனைத்துக்கொண்டு போனது.

அன்றைக்கே கடைக்குப் போய் அலமாரிக்குப் புது பல்பு வாங்கி வந்தார்.

அவ்வளவுதான் கதை. ஏன் வேங்கடேசா, கத்தியைக் கீழே வைத்துவிட்டாய்?

"இதுல சந்தோசப்பட இன்னா கீது?" என்றான் வேங்கடேசன். "வெள்ளத்துல வண்டிய பறிகொடுத்துட்டு வந்த மனுசன், அவர வூட்டோட சேந்து ஏமாத்தி அனுப்பியிருக்கானுங்க."

"யார்ரா ஏமாத்துனது?" என்றாள் சவுரியம்மாள். "அசல் கலரத்தானே அடிச்சான்?"

"முந்தின நாளு ராத்திரி கண் மை பிரஷ்ஷுல அடிச்சது எப்டி அசலு?"

"அப்ப பாத்ரூம் கதவு கலரக் காட்டியிருந்தா உனக்கு இனிச்சிருக்குமா?"

"உண்மைய சொல்லியிருக்கணும்க்கா."

"சொல்லியிருந்தா அந்தாளு மோந்து பாத்து சந்தோசப்பட்டிருப்பாரா? உனக்கு உங்க வூட்டுல சோறு போடுறவ இன்னா கலரு பொடவ கட்டியிருந்தான்னே தெரியாது, நீ அசல பத்தி பேச வந்துட்ட."

"எம் பொண்டாட்டிய எதுக்குக்கா இழுக்கற?"

"இழுப்பண்டா."

வேங்கடேசன் எழுந்தான். வெங்காயக் கூடை உருண்டது. சவுரியம்மாளும் பீன்ஸைத் தட்டிவிட்டு எழுந்தாள். சமையல் மேஸ்திரி கரண்டியோடு ஓடிவந்து, யார் பக்கம் நியாயம் என்று கேட்காமலேயே, "அந்தக் கதையே பொய்தாம்மா" என்று சொல்லித் தொலைத்தார். அதற்குப் பிறகு மண்டபத்தில் யார் யாரைத் திட்டினார்கள் என்றே தெரியவில்லை.